டவுன்ஸ்வில் தெல்மா

மெர்வின் டாப்ஸ்காட் தன் மனைவியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து மீட்டுக்கொண்டு வந்தே தீருவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சபதம் செய்தார். சபதம் செய்த இடம் கோழிக்கூண்டு. சாட்சிக்கு நாலு கோழிகள் நின்றன. அவையும் முழுசாகக் காது கொடுத்துக் கேட்கவில்லை.

மனைவி கோரலி எங்கேயும் ஓடிப்போய்விடவில்லை. சமையலறையை ஒட்டின வெயில் அறையில், அதே பச்சை நாற்காலியில்தான் இருந்தாள். உடம்பு மட்டும்தான் அங்கே. மனசு பூராவும் சரித்திர நாவலில். திங்கட்கிழமை ஸ்காட்லாந்தில் கோட்டை முற்றுகை. புதன்கிழமை வெனிஸில் விஷ மோதிரம். வெள்ளிக்கிழமை யாராவது ஒரு ராணிக்குத் தலை போகும். அன்றைக்கு வீட்டில் வெறும் பூசணி சூப்தான்.

படித்துவிட்டுச் சும்மா இருந்தாலாவது தேவலை. படித்ததைப் பேச அவளுக்கு ஒரு கூட்டமே இருந்தது. 'பழங்கால வாசகர் வட்டம்' என்று போனுக்குள் ஒரு ஊர். அதில் வேல்ஸ் தேசத்து ரிட்டயர்டு டீச்சர், கனடாவில் ஒரு பல் டாக்டர், நியூஸிலாந்தில் ஆடு மேய்க்கிற ஒரு அம்மாள். இவர்களோடு கோரலி சிரிப்பாள், சண்டை பிடிப்பாள். ஏதோ ஒரு நாவலில் கப்பல் மூழ்கிற்று என்று நாலு தேசத்துப் பெண்கள் ஒரே நேரத்தில் மூக்கைச் சிந்தியதும் உண்டு. கட்டின புருஷனிடம் பேசுவதோ "குப்பைத் தொட்டியை வெளியில வெச்சியா?" என்கிற ஒரே ஒரு வாக்கியம். அதுவும் வாரத்துக்கு ஒரு முறை, குப்பை வண்டி வருகிற நாளில்.

ராத்திரிச் சாப்பாட்டு மேஜையைப் பாருங்கள்.

"கோரலி."

"ம்."

"ஆட்டுக்கறி நல்லா வெந்திருக்கு."

"ம்."

"கொட்டகை தீப்பிடிச்சு எரியுது."

"ம்... சாஸ் உன் கைகிட்டேயேதான் இருக்கு, பாரு."

மெர்வின் சாஸை எடுத்து ஊற்றிக்கொண்டார். வேறு என்ன செய்வார்?

மனுஷனுக்கு உள்ளூர ஒரு ஏக்கம். முப்பது வருஷம் அவர் சிக்னெட் ஊர்ப் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, எந்தப் பையன் எவன் தொப்பியை ஜன்னல் வழியாக வீசினான், எந்தப் பெண் பைக்குள் வாத்துக் குஞ்சு கொண்டுவந்தாள் என்று சொல்லச் சொல்ல, கோரலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பு இப்போது போனைப் பார்த்து வருகிறது. அதைத் திரும்ப ஒரு தடவை தனக்காகக் கேட்டுவிட மாட்டோமா என்றிருந்தது அவருக்கு. வாய்விட்டுச் சொல்லத் தெரிந்தால்தானே? அவர் ஊர் இருக்கிற ஹுவான் ஆற்றங்கரை ஆண்களிடம் உள்ள ஒரே சொல் 'பரவாயில்லை'. பிள்ளை பிறந்தாலும் பரவாயில்லை, ஆப்பிள் விளைச்சல் அமோகமாக இருந்தாலும் பரவாயில்லை, கூரை பறந்தாலும் பரவாயில்லை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஏக்கத்தை எப்படிச் சொல்வது?

வேலி ஓரம் போய்ப் பக்கத்துத் தோட்டத்து ரெக்ஸிடம் முறையிட்டார். ரெக்ஸ் செர்ரி மரத்துக்குக் கிளை வெட்டிக்கொண்டிருந்தான்.

"இப்ப அவளுக்குப் புதுசா ஒரு கவலை மச்சான். அந்த வட்டத்துல ஜோடி வாசிப்புன்னு ஒண்ணு உண்டாம். ரெண்டு பேர் ஒரே புத்தகத்தை எடுத்துக்கிட்டு, நாளைக்கு ஒரு அத்தியாயம் படிச்சு, அதைப் பத்தி ரெண்டு பேருமே பேசிக்கணும். இவளோட ஜோடி வேல்ஸ் டீச்சர். அந்தம்மாவுக்கு முட்டில ஆபரேஷன். இவ ஜோடி இல்லாம தவிக்கிறா."

"நீ போயேன்."

"நானா? என்னை எப்படிச் சேர்த்துக்குவா?"

"வேற பேர்ல போ. பொம்பளை பேர்ல போ. போய் நல்லா அறுத்தெடு. ஒரு வாரம் உன்கூடப் புத்தகம் பேசினா, எவளா இருந்தாலும் புத்தகமே வேண்டாம்னு எந்திரிச்சு வந்துடுவா."

"அவ்வளவு மோசமாவா பேசறேன்?"

"நான் முப்பது வருஷமா உன்கூடப் பேசறேன் மச்சான்," என்றான் ரெக்ஸ். "கேட்டா பாவம் பார்த்துதான் சொல்லணும்."

யோசனை மெர்வினுக்குப் பிடித்துவிட்டது. அன்று சாயங்காலமே கொட்டகையில், பாதி கட்டின மரப் படகுக்குப் பக்கத்தில், ரெக்ஸ் உதவியோடு தெல்மா என்று ஒருத்தி பிறந்தாள். ஊர் டவுன்ஸ்வில், தேசத்தின் வடக்குக் கோடி; எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது. விதவை, புருஷனைப் பற்றிக் கேள்வி வராது. படத்துக்கு ஒரு கொண்டை வைத்த காக்கட்டூ கிளி. கோரலி ஜோடி தேடிப் போட்டிருந்த குறிப்புக்குக் கீழே "நான் தயார்" என்று தெல்மா எழுதினாள். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. "வாங்க தெல்மா! ரொம்ப சந்தோஷம்!"

'ரொம்ப சந்தோஷம்' என்று கோரலி தன்னிடம் கடைசியாக எப்போது சொன்னாள் என்று மெர்வின் யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை.

புத்தகத்தின் பெயர் 'ஏழாவது பாய்மரம்'. அந்தக் காலத்து ஹோபார்ட் துறைமுகத்தில் திமிங்கலம் பிடிக்கிற கேப்டன் ஜோசையா. அவன் மனைவி லவீனியா. அவன் கடலுக்குப் போவான், வருஷக்கணக்கில் வரமாட்டான். அவள் காத்திருப்பாள். இதுதான் கதை. கோரலி ஊர் நூலகத்திலிருந்து எடுத்து வந்திருந்தாள். தினமும் மத்தியானம் அவள் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பினதும், மெர்வின் பச்சை நாற்காலியில் போய் அமர்ந்து அதே புத்தகத்தைப் பிரிப்பார். எழுத்தெல்லாம் கொட்டை கொட்டையாக இருந்தது. மூக்குக்கண்ணாடிகூட வேண்டியிருக்கவில்லை. இந்தக் காலத்தில்தான் கண்ணுக்கு இதமாக அச்சடிக்கிறான்கள் என்று மெச்சிக்கொண்டார். அடையாள நாடாவை அதே பக்கத்தில் வைத்துவிட்டு, நாற்காலி மெத்தையைத் தட்டிவிட்டுக் கிளம்புவார். அவ்வளவு ஜாக்கிரதை.

முதல் அத்தியாயம் முடிந்தது. சாயங்காலம் கொட்டகையில் உட்கார்ந்து தெல்மா அறுக்க ஆரம்பித்தாள்.

"படிச்சேன். கப்பல் போகுது. ஒரே தண்ணி. அடுத்த பக்கத்துலயும் தண்ணி. பொண்டாட்டி கரையில நிக்கிறா. வீட்டுல வேலை கிடையாதா அவளுக்கு?"

அனுப்பிவிட்டு மெர்வின் கையைத் தேய்த்துக்கொண்டார். ஒழிந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு!

முற்றத்துக்கு அந்தப் பக்கம், வெயில் அறையிலிருந்து, ஒரு சிரிப்பு வெடித்து வந்தது. கோரலியின் சிரிப்பு. வாத்துக் குஞ்சுக்குச் சிரித்தாளே, அதே சிரிப்பு. மெர்வின் எடுக்கப்போன உளி கீழே விழுந்தது.

அவ்வளவுதான், மனுஷன் மாட்டிக்கொண்டார். அறுக்க வந்தவர், மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போதே தெல்மா இன்றைக்கு என்ன எழுதலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டாம் அத்தியாயத்தை இரண்டு தரம் படித்தார். எழுதினார்: "அறுபத்து மூணாம் பக்கத்துல லவீனியா துறைமுகத்துல நின்னு கையாட்டறாளே, அந்த இடம் எனக்கு என்னமோ பண்ணிடுச்சு. கப்பல் கண்ணுக்கு மறைஞ்ச பிறகும் கையை இறக்க மாட்டேங்கிறா. பைத்தியக்காரி."

அன்றைக்குப் பதில் வரக் கொஞ்சம் நேரமாயிற்று. வெயில் அறையில் சத்தமே இல்லை. மெர்வின் போனைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அப்புறம் வந்தது:

"அன்புள்ள தெல்மா, எங்க வட்டத்துல பக்க நம்பர் சொல்ற வழக்கம் கிடையாது. ஒவ்வொருத்தர்கிட்ட ஒவ்வொரு பதிப்பு இருக்கும் பாருங்க, பக்கம் ஒத்துப்போகாது. அத்தியாயம் மட்டும் சொன்னாப் போதும். ஆனா பரவாயில்ல, எனக்கு நல்லாப் புரிஞ்சுடுச்சு."

தப்பித்தோம் என்று மெர்வின் பெருமூச்சு விட்டார்.

அதற்கப்புறம் நாட்கள் போனது தெரியவில்லை. தெல்மாவுக்கும் கோரலிக்கும் பேச்சு வளர்ந்தது. ஜோசையா நல்லவனா கெட்டவனா என்று இரண்டு நாள் சண்டை. ஊர் விளக்கெரியத் திமிங்கல எண்ணெய் வேண்டாமா, அவன் போய்த்தானே ஆகவேண்டும் என்றாள் தெல்மா. ஊர் விளக்கு எரியுது, வீட்டு விளக்கு அணைஞ்சு போச்சே என்றாள் கோரலி. இப்படியெல்லாம் பேசத் தெரிந்த பெண்ணோடா இத்தனை வருஷம் குப்பைத் தொட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் என்று மெர்வினுக்கு ஆச்சரியமும் வருத்தமும் ஒன்றாக வந்தன. முற்றத்தைத் தாண்டினால் அவள். ஆனாலும் டவுன்ஸ்வில் வழியாகச் சுற்றித்தான் அவளிடம் போக முடிந்தது.

ஐந்தாம் அத்தியாயத்தில், கடலிலிருந்து திரும்பிய ஜோசையா, லாந்தரைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போய் மனைவியை எதிர்கொண்டு அழைத்து வருகிறான். "இந்த ஒரு லாந்தருக்காக அவனோட எல்லாத் தப்பையும் மன்னிக்கலாம் தெல்மா," என்று கோரலி எழுதினாள்.

மறுநாள் மாலை அவள் கார் வாசலில் நின்றபோது, மெர்வின் டார்ச்சை அடித்துக்கொண்டு போய் நின்றார்.

"எதுக்கு மெர்வ் டார்ச்? இன்னும் இருட்டவே இல்லையே."

"பாம்பு."

"குளிர்காலத்துல பாம்பா?"

"வயசான பாம்பு. தூக்கம் வரலையோ என்னமோ."

கோரலி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். டார்ச் வெளிச்சத்திலேயே நடந்து உள்ளே போனாள். படியேறும்போது அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த முழங்கை அன்று ராத்திரி சாப்பாடு வரைக்கும் சூடாகவே இருந்தது என்று மெர்வின் ரெக்ஸிடம் சொல்லப்போய், ரெக்ஸ் இரண்டு நாள் சிரித்தான்.

ஒன்பதாம் அத்தியாயத்தில்தான் விசித்திரம் ஆரம்பமாயிற்று.

"தெல்மா, அந்தக் கோழிக்கூண்டுக் கட்டத்தைப் படிச்சீங்களா? கேப்டன் ஜோசையா பொண்டாட்டிக்குத் தெரியாம விடியற்காலைல எந்திரிச்சு, ஒரு வருஷத்துக் கோழி எச்சத்தைச் சுரண்டிக் கூண்டைக் கழுவி வெக்கிறானே! அதுக்கு மேல ஒரு ஆம்பிளை தன் காதலை எப்படிச் சொல்ல முடியும்?"

மெர்வினுக்குத் திக்கென்றது. ஒன்பதாம் அத்தியாயத்தில் அவர் படித்தது ஒரு புயல். அப்புறம் ஒரு திமிங்கலம். கோழி எங்கே வந்தது? மறுநாள் எடுத்து வரிவரியாகப் பார்த்தார். புயல் இருந்தது, திமிங்கலம் இருந்தது, கோழி இல்லை. பக்கம் ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பார்த்தார். இல்லை. நமக்குத்தான் படித்ததில் ஏதோ விட்டுப்போய்விட்டது, படித்துப் பழகாத மூளை என்று தன்னையே நொந்துகொண்டார். தெல்மா எழுதினாள்: "அந்தக் கட்டமா! படிச்சிட்டு அழுதுட்டேன்."

"அழுதீங்களா? எனக்கும் அப்படித்தான்," என்று பதில் வந்தது.

சனிக்கிழமை விடியற்காலையில், பனி உறைந்த புல்லில், மெர்வின் கோழிக்கூண்டைச் சுரண்டிக் கழுவினார். கோழிகள் கலவரப்பட்டு முட்டையை நிறுத்திவிட்டன. கோரலி ஜன்னலில் நின்று டீ குடித்துக்கொண்டு பார்த்தாள்.

பத்தாம் அத்தியாயத்தில் கேப்டன் ஜோசையா கூரைத் தண்ணீர்க் குழாயில் அடைத்த யூகலிப்டஸ் இலையை வழித்து எறிந்தான். பதினொன்றில் துணி துவைக்கிற தொட்டியிலிருந்து படகு மோட்டாரை எடுத்துக் கொட்டகையில் வைத்தான். பன்னிரண்டில், கிறிஸ்மஸ் விருந்தில் தான் செய்த கிண்டலுக்காக மச்சினிக்கு மன்னிப்புக் கேட்டான். மெர்வினுக்கும் லோர்னா என்று ஒரு மச்சினி இருந்தாள். அவருக்கும் அவளுக்கும் கிறிஸ்மஸிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. இதென்ன, என் கதையையே எழுதி வைத்திருக்கிறானே என்று வியந்துகொண்டே மெர்வின் போனை எடுத்தார்.

ரெக்ஸுக்கு மட்டும் சந்தேகம்.

"டேய், திமிங்கலம் பிடிக்கிறவன் எதுக்குடா தண்ணிக்குழாய்ல இலை வழிக்கிறான்? அவன் காலத்துல ஏது படகு மோட்டாரு?"

"எனக்கும் இடிச்சுது மச்சான். ஆனா சரித்திரக் கதை இல்லையா? ஆராய்ச்சி பண்ணாமலா எழுதுவாங்க?"

"அந்தக் கட்டத்தை எனக்குக் காட்டு."

"கண்ணுக்கு அகப்பட மாட்டேங்குது. கோரலி அளவுக்கு எனக்கு ஆழமாப் படிக்க வரலை," என்றார் மெர்வின், ரொம்ப அடக்கமாக.

கடைசி அத்தியாயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையிலிருந்து விடாத மழை. கோரலி காலையிலேயே முடித்துவிட்டுப் புத்தகத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். மெர்வின் நின்றபடியே படித்தார். எட்டு வருஷம் கழித்து ஜோசையா திரும்புகிறான். தலை நரைத்துவிட்டது. தன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். உள்ளே விளக்கு எரிகிறது. என்ன சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. அத்தோடு கதை முடிந்துவிட்டது. புரட்டினால் வெறும் அட்டை.

மெர்வினுக்கு வந்ததே ஒரு கோபம்! கொட்டகைக்கு ஓடி, ஈரக் கையோடு தெல்மாவாக எழுதினார்.

"இது என்ன அநியாயம்? கதவைத் திறந்தாளா இல்லையா? அதைச் சொல்லாம எப்படி முடிக்கலாம்?"

மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. பதில் நீளமாக வந்தது.

"அன்புள்ள தெல்மா, வாசல்ல நிக்கிறவன் ஒரு வார்த்தை பேசினாத்தானே உள்ள இருக்கிறவளுக்குத் தெரியும்? உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்றேன். லவீனியாவோட புருஷன் கடலுக்குப் போனான். என் புருஷன் கொட்டகைக்குப் போனார். ரிட்டயர் ஆன நாள்லேர்ந்து ஒரு படகு கட்டுறார். அது முடியவும் இல்ல, அவர் வெளியில வரவும் இல்ல. முன்னெல்லாம் சாயங்காலம் பஸ்ல நடந்த கதை சொல்லுவார். நான் சிரிச்சே செத்துடுவேன். அந்தக் கதை நின்ன பிறகு வீடு அப்படியொரு அமைதி தெல்மா, தாங்க முடியல. அப்புறம்தான் நான் புத்தகத்தை எடுத்தேன். எனக்கு அவர் வேணும். ரொம்ப நாளா வேணும்னு இருக்கேன்."

மெர்வின் அதைப் படித்தார். இன்னொரு தரம் படிக்க முடியவில்லை, கண் மறைத்தது. தான் அவளைத் தேடி வந்ததாக அல்லவா இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தார்? போனவரே அவர்தானாம். பலகை மேல் உட்கார்ந்து, அறுபத்தெட்டு வயது மனுஷன், மூக்கை மரத்தூள் படிந்த சட்டையில் துடைத்துக்கொண்டு அழுதார்.

பிறகு எழுந்து மழையோடு மழையாக முற்றத்தைக் கடந்தார். சமையலறைக் கதவு முன்னால் நின்றார். நாற்பது வருஷமாகத் தள்ளிக்கொண்டு நுழைகிற கதவு. இன்றைக்கு என்னமோ தட்டினார்.

"திறந்துதானே இருக்கு," என்றாள் உள்ளேயிருந்து கோரலி. "பூட்ஸைக் கழட்டிட்டு வா."

சொட்டச் சொட்ட நின்றார். "கோரலி, உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். கோவிச்சுக்காதே. டவுன்ஸ்வில்ல தெல்மான்னு யாரும் கிடையாது."

"டீ சூடா இருக்கு. குடி."

"தெல்மா நான்தான்."

"தெரியும். சர்க்கரை போட்டாச்சு, கலக்கிக்கோ."

மெர்வின் கலக்கவில்லை.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ரெண்டாம் அத்தியாயத்துலேர்ந்து. நீதான் அறுபத்து மூணாம் பக்கம்னு எழுதினியே. இது கண்ணு மங்கினவங்களுக்கான பெரிய எழுத்துப் பதிப்பு மெர்வ். மத்தவங்க புத்தகத்துல எல்லாம் லவீனியா கையாட்டுறது முப்பத்தஞ்சாம் பக்கமோ என்னமோ. அறுபத்து மூணுல ஆட்டுறது இந்தப் புத்தகத்துல மட்டும்தான். லைப்ரரில இருக்கிறது ஒரே காப்பி. இந்த வீட்டுல என்னைத் தவிர இருக்கிறது நீயும் கோழியும். கோழி தெல்மான்னு பேர் வெச்சுக்காது."

"அப்போ... அந்தக் கோழிக்கூண்டு?"

"நான் எழுதினதுதான். நல்லா இருந்துச்சா?"

"தண்ணிக்குழாய்?"

"அதுவும்."

"லோர்னாகிட்ட மன்னிப்பு?"

"அதுக்குத்தான் ரொம்ப மெனக்கெட்டேன். ரெண்டு தடவை திருத்தி எழுதினேன்." கோரலி டீயை ஒரு வாய் உறிஞ்சினாள். "வட்டத்துல எல்லாரும் பாராட்டினாங்க."

"எல்லாருக்குமா தெரியும்!"

"பின்னே? வேல்ஸ் டீச்சர் முட்டி வலியோட படுத்துக்கிட்டு உன்னைத்தான் தொடர்கதையா படிக்கிறாங்க. நீ லோர்னாவுக்குப் போன் பண்ணின அன்னிக்கு நாலு தேசத்துல கைதட்டினாங்க. அந்தப் பல் டாக்டர் தன் புருஷனையும் ஏதாவது வட்டத்துல சேர்த்துவிடலாமான்னு கேக்கறா."

மெர்வின் நாற்காலியில் சரிந்தார். மானம் நாலு தேசத்தில் போயிருந்தது. ஆனால் அதைப் பற்றி அவருக்கு அப்போது கவலையில்லை. அவருக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியவேண்டியிருந்தது.

"இன்னிக்கு எழுதினியே. கடைசியா. அதுவும் கட்டிவிட்டதுதானா?"

கோரலி கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் இருந்த குறும்பு போய்விட்டது.

"இல்ல மெர்வ். அது உனக்கு எழுதினது. நிஜம்."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஈரக் கை. அவளும் விடவில்லை.

"அந்தப் படகே உனக்காகத்தான் கோரலி," என்றார். "உன்னை வெச்சு ஆத்துல கூட்டிட்டுப் போகணும்னு. ஒரு குறையும் இல்லாம இருக்கணும்னுதான் இத்தனை நாள்..."

"எனக்குப் படகுல ஏறினா வாந்தி வரும்னு கல்யாணத்துக்கு முன்னாடியே சொன்னேனே."

"சொன்னியா?"

"தேனிலவுல காட்டியும் இருக்கேன்."

மெர்வினுக்கு மெல்ல நினைவு வந்தது. பாவம், அவசரத்துக்கு அவள் கையில் அகப்பட்டது அவருடைய ஒரு நல்ல தொப்பி.

அன்றைக்கே இரண்டாவது சபதமும் ஆயிற்று. இனிமேல் தெல்மா வேண்டாம், கொட்டகை வேண்டாம், போன் வேண்டாம். அடுத்த புத்தகத்தைப் புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து படித்து, வாயால் பேசிக்கொள்வது. கோரலி கொஞ்சம் தயங்கித்தான் சரி என்றாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், விறகு அடுப்பு கணகணவென்று எரிய, இருவரும் ஆளுக்கொரு காப்பியோடு உட்கார்ந்தார்கள். ரஷ்யாவில் ஏதோ ஒரு அரண்மனை, ஒரு கடிகாரம் செய்கிறவன், ஒரு இளவரசி. மெர்வின் தலை வாரி, நல்ல ஸ்வெட்டர் போட்டிருந்தார். முதல் அத்தியாயம் முடிந்தது. புத்தகத்தை மூடினார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

மெர்வினுக்கு நெஞ்சு நிறைய இருந்தது. அந்த இளவரசி பனியில் வெறுங்காலோடு நடந்த இடத்தை அவர் இரண்டு தரம் படித்திருந்தார். அதைப் பற்றித் தெல்மா என்றால் அரைப் பக்கம் எழுதியிருப்பாள். கோரலி ஆசையோடு முன்னால் குனிந்தாள்.

"சொல்லு மெர்வ். எப்படி இருந்துச்சு?"

மெர்வின் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"பரவாயில்ல," என்றார்.

"ம்," என்றாள் கோரலி.

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது. கூரை மேல் பாஸம் என்கிற மரநாய் மாதிரிப் பிராணி ஒன்று குடுகுடுவென்று ஓடிற்று. மெர்வின் அவளையே பார்த்தார். கண்ணாடிக்குள் அவள் கண், காதோரத்து நரை, நாற்பது வருஷமாகப் பார்த்த முகம். சொல்ல எவ்வளவோ இருந்தது. ஒன்றும் வெளியே வரமாட்டேன் என்றது. கோரலி தன் போனை எடுத்து ஏதோ தட்டினாள். போயிற்று, மறுபடியும் கனடாவோ வேல்ஸோ என்று அவர் புத்தகத்தைப் பிரிக்கப்போனார். அதற்குள் அவர் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

"அன்புள்ள தெல்மா, எப்படி இருக்கீங்க? உங்ககூடப் பேசி ரெண்டு நாள் ஆச்சு, மனசு என்னமோ போல இருக்கு. இங்க என் வீட்டுக்காரர் எதிர்ல உக்காந்து என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருக்கார். நல்ல மனுஷன். ஆனா எதிர்ல இருந்தா அவருக்கும் பேச வரல, எனக்கும் வரல. அந்த இளவரசி வெறுங்காலோட நடந்தாளே, நீங்க அதைப் பத்தி என்ன நினைக்கிறீங்கன்னு தெரிஞ்சுக்கலைன்னா எனக்கு இன்னிக்குத் தூக்கம் வராது."

மெர்வின் நிமிர்ந்து பார்த்தார். கோரலி புத்தகத்தால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் எழுந்தார். தொண்டையைக் கனைத்தார்.

"கோரலி, படகுல கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு. போயிட்டு வந்துடறேன்."

"சரி, போயிட்டு வா," என்றாள் கோரலி, பக்கத்தைப் புரட்டிக்கொண்டே. "தெல்மாவை நான் ரொம்ப விசாரிச்சதா சொல்லு."